சந்தன நிறம் போட்ட நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் பெரிய பட்டுக்கடை வைத்திருந்த ஒருவரின் சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கூச்ச சுபாவம் வேறு. நாலு பேர் இருந்தால் எனக்கு வாயே திறக்காது.

பட்டறைக் கழிவுநீர் பின்பக்க வாய்க்காலில் விழுந்து, நெசவுக்காரர்கள் இருந்த அடுத்த தெருவை ஒட்டி ஓடும். அன்று நாங்கள் என்ன நிறம் போட்டோம் என்று அவர்கள் கிணற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடைசி வீட்டுக்காரர் குழித்தறியில் நெய்பவர். கால் வைக்கும் குழியிலேயே அந்தத் தண்ணீர் ஊறி, பாதமெல்லாம் புண்ணாகி, தறியை மிதிக்க முடியாமல் படுத்துவிட்டார். அவர் மனைவி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்.

முதலாளி கருட சேவைக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர். ஊரில் அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. அதிகாரிகள் வரப்போகும் நாளும் அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்றார். பட்டறையைப் பூட்டினால் சந்தேகம் வரும். எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நான்தான் பேசினேன்.

"அன்னைக்கு சந்தனமும் அரைவெள்ளையும் மட்டும் போடலாங்க. அரக்கு, நீலமெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம். முந்தின நாளே போர் தண்ணி வுட்டு வாய்க்காலைக் கழுவிட்டா ஒண்ணும் தெரியாது."

முதலாளி என்னையே பார்த்தார். "ஊமைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்? உக்காருபா" என்று நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நான் சொன்னபடியே நடந்தது. அதிகாரிகள் வாய்க்காலிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன தண்ணீரில் குறையில்லை என்று அறிக்கை வந்தது. முதலாளி நெய்யக் கொடுக்கும் பாவு நூலில் பிழைத்த தெரு, அந்த அம்மாவைப் பொய்க்காரி ஆக்கியது. "இன்னாமா, உன் கெணத்துல இன்னைக்குப் பன்னீரா?" என்று குழாயடியில் கேலி செய்தார்களாம்.

ஒருநாள் அவர் என்னை வழியில் நிறுத்தினார். "அண்ணா, நீங்க சாயம் போடறவரு. எங்க கெணத்துல வர்றது உங்க பட்டறைத் தண்ணியா இல்லியா? ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கண்ணா, போதும்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முனகிவிட்டு நகர்ந்தேன். நான் போக வேண்டிய பஸ் எதுவும் இல்லை.

அவர் விடவில்லை. தினமும் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, மனு நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு போனார். மஞ்சள், அரக்கு, நீலம் என்று வரிசையாக மேசையில் வைத்தாராம். அடுத்த கல்யாண சீசனில், கொப்பரை நிறைய அரக்கு கொதிக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்து நின்றது. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். கழிவைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டிய பிறகுதான் திறக்கலாம், அதுவரை தெருவுக்கு லாரியில் நல்ல தண்ணீர் விட வேண்டும் என்று முதலாளிக்கு உத்தரவானது.

அந்த வாரமே அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய கோயில் இட்லி.

"அரக்கு போடற நாளு வெளியாளுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் சொல்லியிருப்பீங்கண்ணா. நீங்க வாயத் தொறக்கலன்னாலும் மனசு எனக்குத் தெரியும். இவரு காலு ஆறிக்கினு வருது. அடுத்த மாசம் தறியில உக்காந்துடுவாரு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். நான் அவர் எதிரிலேயே அந்த இட்லியைச் சாப்பிட்டேன்.

இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கடைத்தெருவில் பார்த்தால் இன்றும் நின்று, அண்ணா என்று கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். அவ்வளவு பெரிய முதலாளியையே பதில் சொல்ல வைத்தவர் அவர். அன்று சந்தனம் போடச் சொன்னது யார் என்று என்னிடம் மட்டும் அவர் கேட்காமலே விட்டுவிட்ட கேள்விக்கு, நானாகப் போய்ப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.