அஞ்சாவது ஸ்டெப்பிலிருந்து இறக்கிவிட்டவர்

செய்தி வந்தபோது நான் சிவகாசியில், வேலை பார்க்கும் அச்சகத்தில், காகிதம் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காலண்டர் சீசன். பேச்சு காதில் விழாத இரைச்சல். விருதுநகரில் டீக்கடை வைத்திருக்கும் நண்பர் முருகன் போனில் கத்தினார். "சிக்கந்தர் பாய் மவுத்தாயிட்டாகப்பா. கடையில ஒரு வண்டியப் பிரிச்சிக்கிட்டு இருந்திருக்காக. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தவுக எந்திரிக்கவே இல்ல." நான் மெஷினை நிறுத்திவிட்டேன். சீசனில் எங்கள் அச்சகத்தில் யாரும் செய்யாத காரியம் அது. மேனேஜர் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். "சொந்தமா?" என்றார். "ஆமா சார், நெருங்கின சொந்தம்" என்றேன். அந்தப் பொய்யை இன்னும் நான் திருத்தவில்லை. திருத்தும் எண்ணமும் இல்லை.

விருதுநகர் வட்டாரத்தில் பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குடும்பமே பருப்பு மண்டி நடத்தியபோது இவர் மட்டும் கழன்றுகொண்டு ஒரு ஒர்க்‌ஷாப் திறந்தார். போர்டில் 'போர்க், ஷாக் மட்டும்' என்று எழுதியிருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க், பின்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், இரண்டையும் தவிர வண்டியில் வேறு எதையும் தொடமாட்டார். எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று யாராவது இழுத்தால், "எஞ்சினுக்கு ஊருல நூறு டாக்டர் இருக்காக. இடுப்புக்கு நான் ஒருத்தன்தான், ஆள விடு" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு திருடனாக. சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவில் ஒருவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். "யாருலே அது, பெட்ரோலத் திருடுறவன்?" என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. கையிலிருந்த கொக்கி ஸ்பேனரை மட்டும் தூக்கிக் காட்டினார். "திருடல. இறக்கி விடுறேன். தீபாவளி போயி ஒரு மாசமாச்சு, இன்னும் எதுக்கு எல்லாரும் அஞ்சுல வச்சிருக்கீக?"

எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. பின் ஷாக்கின் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஐந்து படி. திருக வேண்டியது அவ்வளவுதான், ஸ்பிரிங் இறுகிவிடும். தீபாவளிக்கு முன்னால் வெடிக்கான பேப்பர் குழாய் மூட்டை, அட்டைக் கட்டு, அதற்குப் பின்னால் காலண்டர் கட்டு என்று எதையாவது ஏற்றாத வண்டி இங்கே கிடையாது. லோடு ஏற்றும்போது அஞ்சாவது ஸ்டெப்புக்கு ஏற்றுவோம். அப்புறம் இறக்கமாட்டோம். வருஷம் பூராவும் பெண்டாட்டி பிள்ளைகளை மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்கில் ஏற்றிக்கொண்டு அலைவோம். பாய் மட்டும் தீபாவளி முடிந்ததும் கொக்கி ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, டீக்கடை, மண்டபம், ஆஸ்பத்திரி வாசல் என்று நிற்கிற வண்டியையெல்லாம் கேட்காமலே இறக்கிவிட்டுக்கொண்டு போவார். அன்றைக்கு என் வண்டியையும் இரண்டுக்கு இறக்கியிருந்தார். என் வண்டியைத் தொட இவர் யார் என்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மறுபடி அஞ்சுக்கு ஏற்றினேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி முத்துமாரி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் வேலை பார்த்தாள். ஒருநாள் அவள் இருந்த அறையில் தீ பிடித்தது. வெளியே ஓடிவந்துவிட்டாள். ஆனால் இரண்டு தொடையின் பின்பக்கமும், வலது முழங்காலுக்குப் பின்னாலும் வெந்துபோயிற்று. யாரும் சாகாததால் அது செய்தியில்கூட வரவில்லை. தோல் வைத்துத் தைத்து, இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் விருதுநகருக்கு வந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்ய வேண்டும். விட்டுவிட்டால் புதுத்தோல் சுருங்கி, மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுவிடும்.

நாங்கள் இருப்பது ஆமத்தூரில். பஸ்ஸில் நெரிசலில் அவளால் நிற்க முடியவில்லை. ஆட்டோ எலும்பை எண்ணிவிட்டது. பைக்கில் ஏற்றிக்கொண்டு போன முதல் நாள், இறங்கும்போது சேலையில் ரத்தம். திரும்பி வந்து படுத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் நொண்டியாவே இருந்துக்கிறேன். இன்னொரு தடவ அந்த வண்டியில என்னைய ஏத்தாதீக." அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையிலேயே விலை கூடின கேஸ் ஷாக் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பெரிய வண்டிக்கு உரியது, எவ்வளவு வெயிட்டும் தாங்கும் என்றார் கடைக்காரர். முன் போர்க்கில் கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னேன். பழக்க தோஷத்தில் அஞ்சாவது ஸ்டெப்பிலும் வைத்தேன். விலை கூடினால் மெத்தென்று இருக்கும் என்று நம்பியவன் நான். கெஞ்சிக் கூத்தாடி மாரியை மறுபடி ஏற்றினேன். பாதி வழியில் என் முதுகில் குத்தி நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். பிறகு அந்த வெயிலில், வளைந்த காலோடு, வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அன்றைக்கு எனக்கு என் மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

மறுநாள் பாயின் கடைக்குப் போனேன். என்னை அடையாளம் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, வண்டியைத் தெரிந்துவிட்டது. ஸ்டெப்பைப் பார்த்தார். சீட்டைப் பிடித்து மூன்று தரம் அமுக்கினார். அது அசைந்தே கொடுக்கவில்லை.

"பின்னாடி யாரு உக்காருறது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி எம்புட்டு எடை இருக்கும்?"

"தெரியல பாய்."

"என்ன வேல பாக்குறே?"

"பிரஸ்ல, கட்டிங்."

"காலண்டர் கட்டு ஒண்ணு எம்புட்டு எடை?"

கிராம் சுத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் எதற்குக் கேட்டார் என்று புரிந்தது. அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி, தங்கச்சிய வரச் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழம ஜும்மா முடிச்சிட்டு நானே வாரேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வந்தார். கூடவே அவர் மனைவி ஆயிஷா அக்காவும் வந்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, மாரியைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, பாய் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஆயிஷா அக்காதான் மாரியைத் தாங்கி உட்காரவைத்தார். அவரிடம் தையல்காரர் டேப் இருந்தது. சக்கரத்து நட்டிலிருந்து சீட்டுக்குக் கீழே உள்ள கம்பி வரைக்கும் அளந்தார்.

"ஆள் எறங்குனா எம்புட்டு?" சுவரிடம் கேட்டார் பாய்.

"பதினாலு."

"ஏறுனா?"

"பதினாலுதான். நூலளவுகூட எறங்கலைங்க."

"இது சீட்டா, சிமெண்டுத் தளமா?" என்று சுவரைத் திட்டினார். ஆஸ்பத்திரியில் தந்த காகிதத்தில் மாரியின் எடை இருந்தது. நாற்பத்தொன்று. தீப்பிடிக்கும் முன்னால் ஐம்பத்தெட்டு இருந்திருக்கிறாள். அதுவும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அந்த மத்தியானம் பூராவும் வேலை செய்தார். என் பவிசான கேஸ் ஷாக்கைக் கழற்றி ஓரமாகப் போட்டார். பழைய ஷாக்கையே சுத்தம் செய்து, சின்ன வண்டி ஒன்றின் மெல்லிய ஸ்பிரிங்கை அதில் மாட்டினார். பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "எம்புட்டு நல்ல ஷாக்க மாட்டுனாலும் இது அசைஞ்சாத்தானப்பா அது வேல செய்யும்" என்று அதன் மூட்டிலிருந்த புஷ்ஷை மாற்றி கிரீஸ் வைத்தார். முன் போர்க்கிலிருந்த கெட்டி ஆயிலை வடித்து, சீல் மாற்றி, லேசான ஆயிலை இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஊற்றினார். அளவு பார்க்க அவர் வைத்திருந்தது ஒரு குழந்தைப் பால் பாட்டில். டயரில் காற்றைக்கூட அவரே குறைத்தார். கடைசியில் ஸ்டெப்பை ஒன்றில் வைத்தார்.

பிறகுதான் ஆயிஷா அக்கா எதற்கு வந்தார் என்று தெரிந்தது. அவர் ஒல்லி, மாரியின் எடைக்குப் பக்கத்தில் இருப்பார். பாய் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விலக்கு ரோடு வரை போய் வந்தார். "முன்பக்கம் நல்லாருக்கு. பின்னாடிதான் பள்ளத்துல எறங்கிட்டுத் திரும்பி எத்துதுங்க" என்றார் அக்கா. மறுபடி பிரித்தார். மறுபடி போனார்கள். மூன்றாவது தரம் வந்து இறங்கியபோது அக்கா பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே மாரியிடம் போய், "நான் ஒக்காந்து பாத்துட்டேன்மா. நீ பயப்படாம ஏறு" என்றார். நானும் டாக்டரும் சொல்லிக் கேட்காதவள் அந்த ஒரு சொல்லுக்கு ஏறினாள். சனிக்கிழமை விருதுநகர் போய்ச் சேர்ந்தபோது சேலையைத் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை.

கிளம்பும்போது பாய் சொல்லிவிட்டுப் போனார். "தங்கச்சி எடை கூடக் கூடச் சொல்லு. சந்தோசமா வந்து ஒவ்வொரு ஸ்டெப்பா ஏத்தி விடுறேன்." சொன்னபடி வந்தார். நாற்பத்தாறில் இரண்டாவது ஸ்டெப். ஐம்பத்திரண்டில் மூன்றாவது. ஊரில் எல்லா வண்டியையும் இறக்கிவிட்டவர் எங்கள் வண்டியை மட்டும் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் மாரியைப் பார்த்துப் பேசமாட்டார், அக்காவிடம் மெதுவாக, "கால் நிமிந்துச்சா?" என்று கேட்பார். அந்த வருஷம் காலண்டர் சீசன் வந்து எனக்கு லீவு கிடைக்காமல் போனபோது, மாரி அந்த வண்டியைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு பயிற்சிக்குப் போய்வந்தாள்.

அவர் எல்லாருக்கும் இனிமையான மனிதர் என்று சொல்லமாட்டேன். சொன்ன தேதியில் வண்டி தந்ததில்லை. ஒரு போலீஸ்காரரின் வண்டியை ஒரு மாதம் கடையிலேயே பிடித்து வைத்திருந்தார். பின்னால் உட்காருவது தன் அம்மாதான் என்று அந்த மனிதர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "அம்மாவக் கூட்டிட்டு வாங்க, உக்கார வச்சுப் பாக்கணும். அதுவரைக்கும் வண்டி வெளிய போகாது" என்று பாய் பிடிவாதம். கடைசியில் அந்த அம்மா வந்து உட்கார்ந்து எழுந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார். சண்டைக்காரர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தெரு முழுக்கப் பழைய வண்டிகள் நின்றன. மாரி உள்ளே அக்காவிடம் போனாள். நான் வெளியே முன்பின் தெரியாத ஆட்களோடு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அக்கா என் காலக் காட்டச் சொன்னாக. நீட்டி மடக்கிக் காட்டுனேன். ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டாக. 'அவுக இத ஒரு தடவகூடப் பாக்கலயேம்மா'ன்னு சொல்லி அழுதாக."

எனக்குச் சாவியைத் துவாரத்தில் போட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "குடுங்க இங்கன" என்று வாங்கி, மாரியே ஸ்டார்ட் செய்தாள். நான் பின்னால் ஏறினேன். வண்டி வாங்கிப் பதினாறு வருஷமாகிறது. அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு மனப்பாடமான ரோடு அது. பின்னால் உட்கார்ந்தால் வேறு ரோடாக இருக்கிறது. முன்னால் இருப்பவர் தோளுக்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை. இடுப்பில் இடித்த பிறகுதான் பள்ளம் என்று தெரிகிறது. பாய், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இடம்தான். கடைசியில் உங்கள் சாவுதான் என்னை இதில் உட்காரவைத்தது. இனி அடிக்கடி உட்காருவேன்.

ஊருக்குத் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாரி வேகத்தைக் குறைத்தாள். தலையைத் திருப்பாமலே, "கெட்டியாப் பிடிச்சிக்கோங்க, பள்ளம் வருது" என்றாள்.

பதினாறு வருஷத்தில் நான் அவளிடம் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.