அண்ணனின் முடிச்சில் நாற்பது அட்டை

2004-ல், மாசி மாதம், ஆரணியில் நடந்தது இது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவனுடைய மாடி அறை பூட்டியே கிடந்தது. பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் சேர்த்துச் சொல்லித் தருகிற பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே ஆசிரியர் பயிற்சியை முடிக்க மொரீஷியஸிலிருந்து ஒரு அக்கா வருகிறார், ஆறு வாரம் தங்க இடம் வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து கேட்டார். அம்மா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணன் கட்டிலில் யாரோ படுப்பதா?

அந்த அக்கா புத்தகத்தில் தமிழ் கற்றவர். முதல் நாளே, "அம்மா, பருகுவதற்கு நீர் கிடைக்குமா?" என்றார்.

"இன்னாடி இது, கோயில்ல படிக்கிற மாதிரி பேசுது இந்தப் பொண்ணு!" என்று அம்மா சிரித்துவிட்டார். நாலு மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நானும் சிரித்தேன். அப்புறம் சிரித்ததற்காகச் சமையல் கட்டுக்குப் போய் அழுதேன்.

கடைசி வாரம் அக்காவின் காலேஜிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் அக்கா டீச்சர். இல்லையென்றால் இன்னொரு வருஷம் முதலிலிருந்து. அவங்க வீட்டில் அதற்கு வசதி இல்லை. இரண்டு நாளாக அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மேடம் வருவதற்கு முந்தின நாள் மதியம் நாற்பது அட்டைகளையும் ஒரு நூல் உருண்டையையும் என்னிடம் கொடுத்தார். இருபதில் தமிழ்ச் சொல், இருபதில் அதே சொல் இங்கிலீஷில். "இவற்றில் துளையிட்டு நூல் கட்டித் தருவாயா, தங்கையே?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்.

எங்கள் அண்ணனுக்கு அதுதான் தொழில். பட்டுப்புடவைக் கரையில் பூ விழுவதற்குத் தறிக்கு மேலே ஓட்டை போட்ட டிசைன் அட்டைகள் தொங்கும். அவற்றை வரிசை மாறாமல் ஒன்றோடு ஒன்று கோத்துக் கட்டுவான். ஆறாம் வகுப்போடு நான் நின்றபோது எனக்கும் கற்றுக்கொடுத்தான். அவன் போனபிறகு அந்த ஊசியை நான் தொடவில்லை. அன்றைக்கு எடுத்தேன். நாற்பதையும் அவன் கட்டுகிற மாதிரியே ஒரே சங்கிலியாகக் கட்டி, மடித்து, பேப்பரில் சுற்றி வைத்தேன். எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை அக்கா பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார். நான் மாடி அறையைப் பெருக்கும்போது கட்டிலடியில் ஒரு தாள் கிடந்தது. அதில் பென்சிலால் வரிசையாகப் பிள்ளைகளை வரைந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது.

ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியாக நூல் கட்டியிருக்க வேண்டும், நான் நாற்பதையும் ஒன்றாகக் கோத்துவிட்டேன்.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நின்னுகினு கீற?" என்றார் அம்மா.

"தப்பா கட்டிட்டேம்மா!" தறியில் கிடந்த கத்திரியை எடுத்துக்கொண்டு அண்ணன் சைக்கிளில் பறந்தேன். தெரு நடுவே நெசவுக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது. சுற்றிக்கொண்டு போவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "எங்கம்மா பூந்துகினு போற? கையில கத்திரி வேற!"

"ஜல்தியா போவணும் தாத்தா, டீச்சரக்கா வேலையே போயிடும்!" என்று அழுததும் விட்டுவிட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா பொட்டலத்தைப் பிரித்தார். சங்கிலி மடமடவென்று தரையில் சரிந்தது. அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ், எங்க வூட்டு டிசைன் அட்டை மாதிரி கீது!" என்று ஒரு பெண் கத்தினாள். வகுப்பே சிரித்தது. பின்பெஞ்சில் மேடம் எதையோ எழுதினார்.

ஆறாம் வகுப்புக்கு அப்புறம் நான் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். யாரையும் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். அண்ணன் முடிச்சு லேசில் விடாது. ஒவ்வொன்றையும் வெட்டும்போது அவனையே வெட்டுகிற மாதிரி இருந்தது. நூல் துண்டுகள் கழுத்துக்கு எட்டவில்லை. அக்கா ஒவ்வொரு அட்டையாகப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாடமே நடக்கவில்லை.

மேடம் எழுந்து வந்தார். "இதை இவ்வாறு கட்டியது யார்?" அவருக்கும் அதே புத்தகத் தமிழ்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "எப்படிக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிழை என்னுடையது. இவள் உதவினாள்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பீரியடில் வேறு வகுப்பு, அட்டை எதுவும் கிடையாது, வெறும் கையோடு நடத்து என்றார். அந்த முக்கால் மணி நேரமும் நான் சைக்கிள் ஸ்டாண்டில் கத்திரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வெளியே நின்ற மாதிரியே இருந்தது. அன்றைக்குக் கதவு திறந்தபோது வந்தது நல்ல செய்தி இல்லை. அதனால் மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தங்கையே," என்று தோளைத் தொட்டார் அக்கா. "கையெழுத்து இட்டுவிட்டார்."

ஊருக்குப் போகும்போது அக்கா ஒரு அட்டையை என் கையில் கட்டிவிட்டார். 'அண்ணன்' என்று எழுதிய அட்டை அது. இப்போதும் ஊசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தன் ஒரு வருஷமே போக இருந்த நேரத்தில், நேற்று வந்த ஒருத்தர் என் தப்பைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மாதிரி யாருக்காவது ஒரு நாள் நானும் செய்யாமல் என் மனசு ஆறாது.