மடைவாயில் கொட்டிய நீலம்

போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் மிளகுக் கொடிக்கு அடிக்க மயில்துத்தம் கரைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் வாளியில் அந்த நீலத்தைப் பார்த்ததும், பக்கத்துச் சட்டியில் சுண்ணாம்பு நீறுகிற வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “மிச்சத்தை எங்கய்யா கொட்டப்போற?” என்று கத்தினேன். “ஏனுங்க பெரியவரே, இன்னும் கரைச்சே முடிக்கல, அதுக்குள்ள மிச்சத்துக்கு எங்கீங்க போவேன்?” என்று சிரித்தார். நியாயந்தான். இந்த வயதில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் கோபப்பட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த நீலத்தைக் கண்டால் எனக்கு ஆகாது.

வெள்ளைக்காரன் போகாத காலம். மலையில், தேவனூர் நாட்டில், எங்கள் ஊருக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. எனக்கு அங்கே செடிக்கு அடிக்கிற மருந்து கலக்குகிற வேலை. ஒரு பீப்பாயில் துத்தம், ஒரு பீப்பாயில் சுண்ணாம்பு, இரண்டையும் மூன்றாவதில் சேர்த்து ஊற்றுவோம். பதம் பார்க்க அரிவாள் நுனியை முக்கி எடுப்போம். நுனி செம்பு நிறமானால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். இரும்பையே நிறம் மாற்றுகிற சரக்கு மண்ணை என்ன செய்யும் என்று யார் யோசித்தோம்? மாட்டுக் குளம்பில் புண் வந்தால் இதே துத்தத்தைக் கரைத்துத்தான் ஊற்றுவோம், ஆறிவிடும். அதனால் எங்களுக்கு அது மருந்து.

பீப்பாய் அடியில் தங்குகிற நீலச் சேற்றை ஒரு குழியில் கொட்டிவைப்பார்கள். ஒரு வருஷம் மழைக்கு முன்னாலேயே குழி நிரம்பிவிட்டது. வழிந்தால் பங்களாவுக்குக் குடிதண்ணீர் எடுக்கிற ஓடையில் போய்ச் சேரும். மேனேஜர் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டு ஆள், சட்டையில் மடிப்புக் கலையாதவர். என்ன செய்தார் தெரியுமா? “மண்ணுக்கு நல்ல மருந்து, சும்மாவே அள்ளிட்டுப் போங்க” என்று ஊருக்குள் சொல்லி அனுப்பினார். பங்களாவுக்குப் பின்னால் அவருக்குக் கத்தரிப் பாத்தி இருந்தது. அதில் ஒரு கூடை கொட்டினாரா? ஒரு கை கொட்டினாரா? அந்தப் பாத்திக்கு எங்கள் ஊர்ச் சாணிதான் போய்க்கொண்டிருந்தது. படுபாவி!

அதை அள்ளிவந்தவள் என் அக்கா பாவாயி. புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஒரே ஒரு வயலை நம்பிக் கிடந்தவள். நான் அப்போது காப்பி மூட்டையோடு அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கியிருந்தேன். அன்றைக்கு ரோடு ஏது, எல்லாம் தலைச்சுமைதான். திரும்பி வந்தபோது அக்கா வயலின் மடைவாய் நீலமாக இருந்தது.

எங்கள் ஊரில் வயலுக்கு எருவை இறைக்க மாட்டோம். தண்ணீர் உள்ளே நுழைகிற மடைவாயில் மொத்தமாகக் கொட்டி, காலால் மிதித்துக் கலக்கி விடுவோம். தண்ணீரே அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அக்கா அதில் பெரிய கெட்டிக்காரி, ஊரில் பலரும் மிதிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். சாணிக்குச் செய்ததையே நீலத்துக்கும் செய்திருக்கிறாள். காலில் பித்தவெடிப்பு, சேறு பட்டு எரிந்திருக்கிறது. தாங்க முடியாமல் மாமாவின் பழைய தோல்செருப்பை மாட்டிக்கொண்டு மிதித்திருக்கிறாள். செருப்புக் காலோடு வயலில் இறங்குவது எங்களுக்குப் பெரிய குற்றம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். மேலே தோட்டத்து வேலியோரம் நின்ற மேனேஜர் பார்த்துவிட்டார்.

நட்ட நாற்று ஒன்றுகூடத் தேறவில்லை. பிடுங்கினால் வேர் கருகிக் குட்டையாக இருந்தது. அக்கா சாணியும் தழையுமாக அள்ளி அள்ளிக் கொட்டினாள். அடுத்த நடவுக்கு உழுதால், போட்ட தழை நரம்புகூடக் கலையாமல் மேலே வந்தது. சாணி மட்காமல் வரட்டியாகக் கிடந்தது. பக்கத்து வயலுக்கும் அதே சாணிதான், அங்கே புழு நெளிந்தது. இங்கே ஒன்றையும் காணோம். மண்ணை அள்ளி முகர்ந்தால் மண் வாசனையே இல்லை.

மட்காத தழையைக் கூடையில் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் பங்களாவுக்குப் போனோம். “ஏனுங்க, நீங்க குடுத்த மருந்துலதானுங்க இப்படி ஆச்சு” என்றேன். அந்த ஆள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அக்காவிடம், “ஏம்மா, வயல்ல செருப்போட எறங்குனது யாரு? உங்க சாமி சும்மா விடுமா?” என்றார்.

எங்கள் கோயில் பக்கம் ஒருநாள்கூடத் தலைகாட்டாத மனுஷன்! அக்கா கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் அந்த மடிப்புக் கலையாத சட்டையைப் பிடித்தேன். வேலை போனது. போய்த் தொலையட்டும்.

“அக்கா, துத்தந்தான் கெடுத்துச்சு” என்று வழியெல்லாம் சொன்னேன். “மாட்டுப் புண்ணை ஆத்துனது மண்ணைக் கெடுக்குமா சாமி? நான்தான் கெடுத்துப்புட்டேன்” என்றாள். அன்றிலிருந்து அவள் அந்த வயலில் கால் வைக்கவில்லை. நானும் பிள்ளைகளும்தான் ஆட்டுப்பட்டி போட்டோம், அடுப்புச் சாம்பல் கொட்டினோம், மறுபடி மறுபடி தழை மிதித்தோம். அவள் வரப்பில் நின்று பார்ப்பாள், பிறகு கூலிக்குப் போவாள். எங்கே? அதே தோட்டத்துக்குத்தான். வேறு போக்கு ஏது?

வெள்ளைக்காரன் கிளம்பப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த மழைக்காலத்தில், ஒரு நாள் காலையில் மடையோரம் ஈரமண்ணில் புழு தள்ளிய மண் குருணை குருணையாகக் கிடந்தது. கையில் அள்ளினேன். பழைய வாசனை. “அக்கா, புழு வந்துருச்சு! எறங்கி வா!” என்று கத்தினேன். அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். “வேண்டாங்கண்ணு, நான் கால் வெச்சா மறுபடியும் செத்துப்போயிரும்” என்றாள். சாகும்வரை இறங்கவே இல்லை.

தோட்டம் இன்று இல்லை, பங்களாவும் இடிந்துவிட்டது. மேனேஜரை மாலை போட்டு வழியனுப்பினார்களாம். மடைவாயில் எரு மிதிக்கிற கால்களும் போய்விட்டன, மூட்டையைப் பிரித்து உர உப்பைக் கையால் வீசிவிட்டுப் போகிறார்கள். அக்காவின் வயல் மட்டும் இருக்கிறது. நேற்று அவள் பேரன் செருப்புக் காலோடு அதில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தான். நான் வரப்பில் நின்று பார்த்தேன். பயிர் பச்சைப்பசேலென்றுதான் இருக்கிறது.