பத்து நாள் தீட்டு

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓணம் முடிந்த மறுமாதம். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. நாலு வீடு தள்ளி இருக்கும் சின்னக் கிருஷ்ணன் கோயிலின் மடைப்பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக நைவேத்தியம் சமைக்கிறேன். சமையல்காரன் வீட்டிலேயே சாப்பாட்டு விஷயத்தில் நடந்த முட்டாள்தனம் என்பதால் வெளியே சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கலாம்.

என் மனைவிக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டாள். ஓணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு வலது கால் பெருவிரலைக் கடித்து, கொப்புளம் வந்து, அது புண்ணாகி, ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரை தாறுமாறாக இருக்கிறது, இது இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார்.

அதற்கு முன்னால் டாக்டரம்மா, காலையில் என்ன, மத்தியானம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தார். இனிப்பு சாப்பிடுவதுண்டா என்றதும் இவள் இல்லை என்று தலையாட்டினாள். நான் முந்திரிக்கொட்டை மாதிரிக் குறுக்கே விழுந்து, எங்கள் வீட்டில் சீனி டப்பாவே கிடையாது டாக்டர், காப்பிகூடச் சீனி போடாமல்தான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

சரி, அப்படியானால் வேறு எதுவோதான் சர்க்கரையை ஏற்றுகிறது என்று வீடு முழுக்கத் தேட ஆரம்பித்தேன். இந்த ஊர்ச் சாப்பாடு முழுவதும் என் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிந்தது. முதலில் மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, நிறுத்தினேன். அடுத்து நேந்திரம்பழம். அப்புறம் புட்டு. சாலைக் கடைத்தெருவில் சிவப்பரிசியை மூன்று தடவை மாற்றி வாங்கினேன். கடைசியில் அரிசியே வேண்டாம் என்று ஓட்ஸ் கொண்டுவந்து போட்டேன். அவள் அதைக் கஞ்சி மாதிரிக் காய்ச்சி, முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். எங்கள் மகள் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷினை வாங்கிக்கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் என் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்ததும் மனைவியின் விரலில் குத்தி ஒரு நோட்டில் எழுதினேன். இருநூற்றெண்பது, முந்நூறு என்றே வந்தது. ஓட்ஸ் குடித்தாலும் முந்நூறு.

அப்போதுதான் தென்காசியில் பங்காளி வகையில் ஒரு பெரியப்பா தவறிப்போனார். பத்து நாள் தீட்டு. தீட்டுக்காரன் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது, மடைப்பள்ளிக்கும் போக முடியாது. வேறொருவரை ஏற்பாடு பண்ணிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் பகல் முழுக்க வீட்டில் இருந்தது அப்போதுதான். சும்மா இருக்க முடியாமல் அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் வாயில் எது போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளே மத்தியானச் சர்க்கரை இருநூற்றுக்கு வந்தது. ஏழாம் நாள் நூற்று எழுபது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா என் கண்டிப்பை என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன். மனைவியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கட்டு மாற்றும்போது புண்ணின் ஓரம் கொஞ்சம் காய்ந்திருப்பதை அவளே காலைத் தூக்கிக் காட்டினாள்.

தீட்டு கழிந்து பதினோராம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வழக்கம்போல் உச்சி பூஜை முடிந்து வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எழுந்து விரலில் குத்தினால் இருநூற்றுத் தொண்ணூறு. மெஷினில்தான் கோளாறோ என்று அடுத்த விரலில் குத்தினேன். அதே கதை. மறுநாளும் அப்படியே.

எனக்கு ரத்தம் கொதித்தது. மகள் அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே கத்தினேன்.

"நான் வீட்ல இருந்தா இறங்கறது, நான் அந்தண்டை போனா ஏறறது. எனக்குத் தெரியாம என்னத்தைத் திருடித் திங்கறே? வெரலை வெட்டினப்புறந்தான் புத்தி வருமா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளை நான் அப்படிப் பேசினதில்லை. அவள் தரையில் உட்கார்ந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டின முனையை முடிந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"நான் எதையும் திருடலை. நீங்க கொண்டுவந்து வைக்கறதைத்தான் சாப்பிடறேன்" என்றாள். "நீங்க தொடறதில்லே. கொழந்தையும் உடம்பு போட்டுடும்னு தொடறதில்லே. பகவானுக்கு நிவேதனம் ஆனதைக் குப்பையில கொட்டச் சொல்றேளா?"

எங்கள் கோயிலில் தினமும் உச்சி பூஜைக்கு நெய்ப் பாயசம். அரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்த்து, கரண்டி நட்டால் நிற்கிற பதத்தில் கிண்டுவேன். அதில் மடைப்பள்ளிக்காரனுக்கு ஒரு பங்கு. ஒரு சின்னத் தூக்குப் பாத்திரம் நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களை மேடையில் வைப்பேன். சாயங்காலம் அது கழுவித் துடைத்துத் தயாராக இருக்கும், எடுத்துக்கொண்டு போவேன். தம்பி குடும்பமும் சேர்ந்து ஏழு பேர் இருந்த காலத்தில் அந்தப் பங்கு போதாமல் சண்டை வரும். பிறகு தம்பி வேலை மாற்றலாகிப் போனான், என் அப்பா அம்மா காலமானார்கள், வீட்டில் மூன்று பேர் ஆனோம். விடிவதற்கு முன்னாலிருந்து வெல்லப்பாகு வாசனையிலேயே நிற்கிற எனக்கு அது தொண்டையில் இறங்காது. பெண்ணோ டயட். ஏழு பேருக்கு வந்த பாயசத்தை நான் தூங்குகிற நேரத்தில் ஒருத்தி உட்கார்ந்து தின்று தீர்த்திருக்கிறாள், அதுவும் ஆசைக்கு இல்லை, பிரசாதத்தை வீணாக்கினால் பாவம் என்கிற பயத்துக்கு. தீட்டு இருந்த பத்து நாளும் பாயசம் வரவில்லை, சர்க்கரையும் இறங்கியது. அந்தப் பாத்திரம் எப்படிக் காலியாகிறது என்று எனக்கு ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லையே!

டாக்டரம்மாவிடம் அவள் பொய் சொல்லவும் இல்லை. பாயசம் என்று கேட்டால் அது இனிப்பு. பிரசாதம் என்றால் அவளுக்கு அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. பக்கத்தில் உட்கார்ந்து சத்தியம் பண்ணின எனக்கு மட்டும் வந்ததா என்ன? என் கையால் வெல்லம் உடைத்துப் போட்டுக் கிண்டினவன் நான்.

மகள் லேப்டாப்பை மூடிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு வேண்டாம் என்று தினமும் சொன்னேனே, அப்புறம் அது எங்கே போகும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லையே அம்மா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவியே, நாலு மணியாகப் போகிறது, நடை திறக்கிற நேரமில்லையா என்று என்னை எழுப்பி அனுப்பினாள்.

மறுவாரம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "பிரசாதமல்லே, ஒரு நுள்ளு போதும். பகவான் அளவு நோக்கில்லல்லோ" என்று ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டினார். பிரசாதம்தானே, ஒரு சிட்டிகை போதும், பகவான் அளவு பார்ப்பதில்லையே என்கிறார். மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். ஓட்ஸ்தான் குடிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று என்னைப் பார்த்தே கேட்டார். அளவான சிவப்பரிசிச் சாதம், நிறையக் காய், பயறு, வேண்டுமென்றால் கடலைக்கறியோடு ஒரு துண்டுப் புட்டு, இதையெல்லாம் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

அன்றைக்கு முதல் என் பங்கைக் கோயில் வாசலிலேயே பகிர்ந்துவிடுகிறேன். பூக்கட்டுகிற அம்மாள், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், தரிசனத்துக்கு வரும் ஹாஸ்டல் பெண்கள் என்று வாங்கிக்கொள்ள ஆளா இல்லை? வீட்டுக்கு ஒரு வாழையிலைத் துண்டில் மூன்று நுள்ளு மட்டும் வரும். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுக்கொள்கிறோம், நான் உட்பட.

கார்த்திகை பிறப்பதற்குள் புண் மூடிவிட்டது. விரல் பிழைத்தது. நகம் மட்டும் கோணலாக முளைத்திருக்கிறது.

திருடித் தின்கிறாய் என்று நான் சொன்னதை அவள் இன்றுவரை ஒரு தரம்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அவள் செருப்பு மாட்டக் குனியும்போதெல்லாம் அந்தக் கோணல் நகம் என் கண்ணில் படுகிறது. ஒருத்தி என்ன சாப்பிடுகிறாள் என்று வேவு பார்ப்பதற்கு முன்னால், ஒரு நாளாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.