இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு

பதினொரு வருடமாகப் பாட்டுக் கேட்பதுதான் எனக்கு வேலை. சொன்னால், "உங்களுக்கென்ன அண்ணை, குடுத்து வைச்ச ஆள்" என்பார்கள். கனடாவில், ஸ்கார்பரோவில் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை அது. மொத்தமாக அடிப்பதற்கு முன்னால் சில மாதிரித் தட்டுகள் அடிப்பார்கள். சின்ன அறைக்குள் இருந்து, ஹெட்போன் போட்டு அவற்றைக் கேட்க வேண்டும். கரகரப்பு, இரைச்சல் இருந்தால் படிவத்தில் குறிக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து. ரசிப்பதற்கு அங்கே இடமில்லை, குறையைத்தான் தேட வேண்டும். இப்போதெல்லாம் வீட்டில் யாராவது பாட்டுப் போட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த அலுப்பிலும் ஓர் ஆளை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்கர். கிட்டார் வாசித்து, தானே எழுதிப் பாடுகிறவர். மேடை ஏற மாட்டார், பேட்டி கொடுக்க மாட்டார், உறையில் முகத்தைப் போட விடமாட்டார். நாற்பது வருடத்தில் நான்கே தட்டுகள். அவற்றை மறுபதிப்புச் செய்ய எங்களிடம் தந்தபோது, நான்கையும் கேட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். முதலாவதில் பின்னால் ஒரு பட்டாளமே வாசிக்கும், பாட்டிலும் ஓர் அவசரம். இரண்டாவதில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மூன்றாவதில் கிட்டார் மட்டும், குரலே இல்லை. நான்காவதைத் தன் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பதிந்திருக்கிறார். அவர் இருந்து வாசிக்கும் கதிரை முனகுவது கேட்கும். அதை நான் குறையென்று குறிக்கவில்லை.

போன வருடம் ஐந்தாவது வந்தது. குரலில் வயது நன்றாகவே தெரிந்தது. மாதிரித் தட்டைக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. அவருக்கு அனுப்பினோம். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்கிறது, தன்னுடைய ஒலிநாடாவில் அது இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி கேட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார்.

சூப்பர்வைசர் என்னைவிட இருபது வயது இளையவர், யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, உந்தாளுக்கு விசர். ஓகே எண்டு போட்டு விடுங்கோ" என்றார். எனக்கும் கோபம்தான். வீட்டை விட்டு வெளியே வராத மனிதர் எனக்கு வேலை படிப்பிப்பதா? மூன்றாவது தடவையும் 'குறை இல்லை' என்று பேனா பதிய எழுதினேன்.

அதற்கு அவர் சண்டை பிடிக்கவில்லை. கேட்டுப் பார்ப்பவர் மூன்று தடவை இல்லையென்று சொன்னால் அது இல்லைத்தான், தன் காதுதான் போய்விட்டது போலிருக்கிறது, அப்படியே அச்சடியுங்கள், இனித் தான் பதிவு செய்யப் போவதில்லை என்று எழுதியிருந்தார்.

வென்றுவிட்டோம் என்றார் சூப்பர்வைசர். நான் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தேன். வெள்ளிக்கிழமை அந்தத் தட்டைப் பைக்குள் வைத்து, பக்கத்திலேயே வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலை இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி, மூன்றாவது பாட்டில் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா உது, நுளம்பு மாதிரிக் கீயெண்டு?"

"எது?"

"உங்களுக்குக் கேக்கேல்லையே? காதுக்குள்ள குத்துது."

ஊசியைத் தூக்கிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தேன். சத்தம் வரும்போது கையை உயர்த்தச் சொன்னேன். உயர்த்தினாள். திரும்பவும் வைத்தேன். அதே இடத்தில் உயர்த்தினாள். எனக்குக் கிட்டாரும் குரலும்தான் கேட்டன.

அவளுக்கு விளங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். "வேலையில சொல்லிப் போடாதேங்கோ. உந்த வேலையில வைச்சிருக்க மாட்டாங்கள். இந்த வயசில வேற ஆர் எடுப்பாங்கள்?"

அவள் சொன்னது சரி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, களைத்துவிட்டேன், புதிதாக எதையும் தொடங்க உடம்பில் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொல்வதில்லை என்றே இருந்தேன். ஆனால் நல்ல காதுள்ள மனிதரைச் செவிடென்று நம்ப வைத்து, கிட்டாரைக் கீழே வைக்கச் செய்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை காலை படிவத்தில், 'சத்தம் இருக்கிறது. அவருடைய காது சரி. எனக்குத்தான் கேட்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் அதை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதை அனுப்பினா, உங்களை அந்த அறையில இருத்தேலாது அண்ணை."

"ஓம், தெரியும். அனுப்பும்."

இப்போது தட்டுகளை உறையில் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறேன். எட்டு மணித்தியாலம் நின்றபடி வேலை. முழங்கால் நோகிறது.

இரண்டு கிழமை கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது, எனக்கென்றே. நன்றி சொல்லியிருப்பார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது.

எப்போதிலிருந்து உங்களுக்குக் கேட்கவில்லை?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதில் எழுத இருந்தேன். என் கையெழுத்தோடு கடைகளுக்குப் போன தட்டுகளை, அவருடையதையும் மற்றவர்களுடையதையும், நினைத்துப் பார்த்தேன். சாப்பாடு ஆறிவிட்டது. 'தெரியாது' என்று எழுதினேன்.