பெரட்டுக்களத்தில் சறுக்குப் பலகை

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்போர்ட் பழக்குவது என்றால், பிள்ளை நிமிர்ந்து நிற்பதற்காக நாம் நாள் முழுக்கக் குனிந்து நிற்பது. பிள்ளைக்கு சைக்கிள் பழக்கியவர்களுக்கு என் இடுப்பின் நிலைமை புரியும்.

துபாயில் நான் பிள்ளை பார்த்த வீட்டில், அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பலகை விடப் பழகியதுதான். அவர்கள் வளர்ந்துவிட்டார்கள், நான் ஊர் திரும்பும்போது பழைய பலகைகளையும் ஹெல்மெட்டுகளையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். இலங்கையில் பதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சீமெந்து போட்ட சமதரை ஒன்றே ஒன்றுதான்: காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக்களம். ஞாயிற்றுக்கிழமை அது சும்மா கிடக்கும்.

உசுருள்ள பலகை

முதல் நாளே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தள்ளுமுள்ளு. ஐந்து வயது டிலுக்ஷி மட்டும் ஒதுங்கி நின்றாள். கூப்பிட்டதும் வந்து, பெருவிரலால் பலகையைத் தொட்டாள். அது நகர்ந்தது. "ஐயோ, இதுக்கு உசுரு இருக்கு!" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள்.

அன்று அவளைப் பலகையில் உட்காரவைக்க மட்டும்தான் முடிந்தது. மெதுவாகத் தள்ளினேன். களத்தைச் சுற்றி வந்ததும் ராணி மாதிரி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அக்கா, நான் நிக்கவே மாட்டேன். பஸ்ஸுல போற மாதிரி இப்படியே ஒக்காந்து வாறேன்."

கணக்கப்பிள்ளையின் நெஞ்சு

சத்தம் கேட்டு அடுத்த வாரம் கணக்கப்பிள்ளை வந்தார். காலையில் பேர் பதிந்து பெரட்டு எடுப்பவர் அவர்தான். களம் அவர் பொறுப்பு.

"யாரக் கேட்டு இங்க வெளாடுறீங்க? ஒரு புள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"விழறதுக்குத்தாங்க ஐயா முதல்ல பழக்கியிருக்கேன்," என்றேன். அவர் நம்பவில்லை. இந்த இடம் போனால் வேறு இடம் கிடையாது. பிள்ளைகளைப் பார்த்து "விழுங்க!" என்றேன். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தென்று விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அவர் ஒரு எட்டு பின்னால் போய்விட்டார்.

"சரி, ஞாயித்துக்கெழம மட்டும். ஆனா என் முன்னால இப்படி மொத்தமா விழாதீங்க, நெஞ்சு அடைக்குது."

சரசக்காவுக்கு வந்த கோபம்

டிலுக்ஷி எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள், என் இரண்டு கையையும் பிடித்தபடி. ஒரு நாள் வழுக்கி, முழங்கை உரசி இரத்தம் வந்துவிட்டது. அவள் அழக்கூட இல்லை. ஆனால் அவளுடைய அம்மா சரசக்கா லயத்திலிருந்து ஓடிவந்தார்.

"ஒனக்கென்ன, கையப் புடிச்சி வெளாட்டுக் காட்டிட்டுப் போயிருவ. நாளைக்கி இந்தப் புள்ளயக் காயத்தோட விட்டுட்டு நாந்தானே கொழுந்தெடுக்க மலைக்கிப் போகணும்?"

நியாயமான கேள்வி. "அடுத்த வாரம் நீங்களும் வாங்கக்கா. ஒரு கைய நீங்க புடிங்க," என்றேன். சரசக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து டிலுக்ஷி கத்தினாள்: "அக்கா, பலகைய வேற யாருக்கும் குடுத்துறாதீங்க!"

விட்ட கை

வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். சரசக்கா ஒரு கை, நான் ஒரு கை. பலகை உருள உருள, அக்காவின் பிடி இறுகியது.

"அம்மா, கைய விடும்மா, வலிக்குது!"

நான் விட்டேன். சரசக்கா என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு விட்டார். டிலுக்ஷி போனாள். கையை இரண்டு பக்கமும் விரித்து, முழங்காலை மடக்கி, ஆடாமல் அசையாமல் களத்தின் அந்தக் கோடிவரை போய்த்தான் இறங்கினாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் லயத்துக் கதவெல்லாம் திறந்தன. அவளோ திரும்பி எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்றாள்.

சரசக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கம் கையை நீட்டினார்.

"எங்கே, என்னையும் ஒருக்காப் புடி பாப்போம்."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைவிட அம்மாமார் வரிசைதான் நீளம். அவர்களைப் பிடிக்கக் குனியத் தேவையில்லை, ஆனால் விழும்போது என்னையும் சேர்த்துக்கொண்டுதான் விழுகிறார்கள்.