அரை மணி நேரம் என்றார் அந்தோணி

போன சனிக்கிழமை ஒருவர் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பியிருக்கலாம்...

திண்டிவனத்தில் ஒரு லாரி ஆபீசில், எந்த வண்டிக்கு எந்த லோடு என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. டிரைவர் அந்தோணி அண்ணன் திருச்சியில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை சர்ச்சில் அவர் மகளுக்குப் புதுநன்மை; முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா. அதனால் அவருக்கென்றே பாண்டிச்சேரி லோடை எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலமே வீடு திரும்பிவிடலாம்.

பதினொரு மணிக்குப் போன் செய்தேன்.

“விக்கிரவாண்டி தாண்டிட்டேம்மா. அரை மணி நேரத்துல வந்துடுவேன்.”

ஜிபிஎஸ் திரையில் அவர் வண்டி விக்கிரவாண்டிக்கு வெகு முன்னாலேயே, உளுந்தூர்பேட்டையில் நின்றது.

லோடிங் பார்க்கும் சேகர் சிரித்தார். “அரை மணின்னா ஒன்றரை மணி மேடம். இன்னும் டீ குடிச்சிக்கினு இருப்பாரு.”

எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. டிரைவர் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வது. பாண்டிச்சேரி பார்ட்டிக்கோ பன்னிரண்டு மணிக்குள் லோடு ஏறியாக வேண்டும். வேறொரு வண்டியை அனுப்பிவிட்டேன்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அந்தோணி அண்ணன் வாசலில் நின்றார்.

ஜிபிஎஸ் பெட்டியின் வயர் கழன்றிருக்கிறது — அவ்வளவுதான். விக்கிரவாண்டி டோலில் பணம் பிடித்த மெசேஜ் முதலாளியின் போனில் இருந்தது. பக்கத்து அறைதான். எட்டிப் பார்த்துக் கேட்க எனக்கு என்ன கேடு?

மீதி இருந்தது ஓசூர் லோடு. போனால் திங்கட்கிழமைதான் திரும்ப முடியும்.

“வேற வண்டி இல்லியாம்மா?”

“இல்லண்ணா. தப்பு என்னுதுதான்.”

“பாப்பா வெள்ளை கவுன போட்டுப் போட்டுப் பாத்துக்கினு இருக்குது...” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, லோடு ஏத்தச் சொல்லுங்க.”

திட்டியிருந்தால் தேவலை.

வீட்டிலும் நான் இப்படித்தான். ‘குழந்தை சாப்பிட்டாச்சு’ என்று மாமியார் சொன்னால், தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். ஜாக்கிரதை என்று அதற்குப் பெயர் வேறு! மனிதர்கள் சொல்வதைத்தான் இத்தனை சந்தேகப்படுகிறோம். திரை தவறாகக் காட்டும் என்று ஏன் ஒருநாளும் தோன்றுவதில்லை?

ஞாயிறு மதியம் அவரே ஓசூரிலிருந்து கூப்பிட்டார்.

“வீட்டுக்காரம்மா வீடியோ கால் போட்டுச்சிம்மா. பாப்பா மெழுகுவத்தி புடிச்சிக்கினு நடந்து வந்தது நல்லாத் தெரிஞ்சிது. நீங்க ஒண்ணும் நினைச்சிக்காதீங்க.”

அது உண்மைதானா என்று விசாரிக்க, இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.